டெல்லியில் கையெழுத்து, காரைக்குடியில் கணக்கு! வர்த்தக ஒப்பந்தமும் அரசியலும் வங்கிப் பங்குதாரரின் பையை எப்படித் தொடுகின்றன?

"அமெரிக்கா வரி போட்டா நமக்கென்ன? சிங்கப்பூரோட ஒப்பந்தம் போட்டா நமக்கென்ன? நாம வச்சிருக்கிறது நம்ம ஊர் பேங்க் ஷேர்தானே?"

வங்கிப் பங்கு வைத்திருக்கும் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் இந்தக் கேள்விக்குக் கிட்டத்தட்ட 90 வருஷமாகப் பதில் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. சிவகங்கை மாவட்டம், காரைக்குடி.

செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து வந்தவை என்பது எல்லோருக்கும் தெரியும். அதே பர்மாவில் நகரத்தார் போட்ட முதலுக்கு என்ன ஆனது, அந்த முதலை நம்பித் தொடங்கிய வங்கிக்கு என்ன ஆனது என்று பார்த்தால், வர்த்தகப் பேச்சுவார்த்தைக்கும் வங்கிப் பங்குக்கும் உள்ள உறவு தெளிவாகப் புரியும். விரிவாகப் பார்ப்போம்.

ஒரே நாளில் மூன்று ஊரில் திறந்த வங்கி

1937 பிப்ரவரி 10. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, அதாவது இன்றைய ஐ.ஓ.பி., ஒரே நாளில் மூன்று ஊர்களில் கதவைத் திறந்தது. காரைக்குடி, சென்னை, ரங்கூன். அடுத்து பினாங்கில் ஒரு கிளை.

பெயரிலேயே 'ஓவர்சீஸ்' இருக்கிறது. கடல் கடந்த வணிகத்துக்கும் அந்நியச் செலாவணிக்கும் என்றே தொடங்கப்பட்ட வங்கி அது. காரணமும் இருந்தது. 1930-ஐ ஒட்டி வந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு அறிக்கை, அங்கே சுமார் 1,650 செட்டியார் நிறுவனங்கள் லேவாதேவி செய்ததாகவும், அவற்றில் புழங்கிய முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் கணக்கிட்டது. அந்தக் காலத்து 75 கோடி!

ஆனால் வங்கி திறந்த நேரம்தான் கவனிக்க வேண்டியது. சரியாக 50 நாள் கழித்து, 1937 ஏப்ரல் 1 அன்று, பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது. நேற்றுவரை உள்நாட்டுக் கிளையாக இருந்த ரங்கூன் கிளை, அன்று காலை முதல் வெளிநாட்டுக் கிளை. வங்கி எந்தத் தவறும் செய்யவில்லை. எல்லைக் கோடு மட்டும் நகர்ந்தது.

நெல் விலை விழுந்தது, நிலம் கைக்கு வந்தது, பிறகு நிலமும் போனது

1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியவில்லை. அடமானம் வைத்த நிலங்கள் கடன் கொடுத்தவர்கள் பெயருக்கு வந்தன. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930-ல் 6 சதவீதம். 1938-க்குள் அது சுமார் 25 சதவீதம் ஆனது.

ஐந்தொகையில் பார்த்தால் சொத்து கூடியிருக்கிறது. நிஜத்தில், வட்டி கொடுக்க வேண்டிய முதல், விற்க முடியாத நிலமாகப் பூட்டிக்கொண்டது. நிலத்தை இழந்தவர்களின் கோபமும் அரசியல் ஆனது. 1942-ல் ஜப்பான் படையெடுப்பு. விடுதலை பெற்ற பர்மா 1948-ல் நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. 1963 பிப்ரவரியில், ராணுவ ஆட்சி அங்கிருந்த எல்லா வங்கிகளையும் அரசுடைமை ஆக்கியது. இந்திய வங்கிகளின் கிளைகளும் அதோடு போயின.

இதிலிருந்து கிடைக்கும் முதல் பாடம்: ஒரு வங்கியின் பங்கு என்பது அந்த வங்கி கொடுத்த கடன்களின் மேல் உள்ள உரிமை. கடன் வாங்கியவர் எந்த நாட்டில், எந்த விலையை, எந்த அரசை நம்பியிருக்கிறாரோ, பங்குதாரரும் அதையே நம்பியிருக்கிறார். அவருக்கு அது தெரியாமல் இருக்கலாம். அவ்வளவுதான் வித்தியாசம்.

1969: பங்குதாரர் ராத்திரி தூங்கப் போனார், காலையில் வங்கி அரசுடையது

அடுத்த அடி வெளிநாட்டிலிருந்து வரவில்லை. டெல்லியிலிருந்து வந்தது.

1969 ஜூலை 19. பிரதமர் இந்திரா காந்தி அரசு, 50 கோடி ரூபாய்க்கு மேல் டெபாசிட் வைத்திருந்த 14 தனியார் வங்கிகளை அவசரச் சட்டம் மூலம் அரசுடைமை ஆக்கியது. காங்கிரஸுக்குள் நடந்துகொண்டிருந்த அதிகாரப் போட்டியின் உச்சகட்ட நேரம் அது. கிராமங்களுக்கும் விவசாயிகளுக்கும் வங்கிக் கடன் போய்ச் சேரவில்லை என்பது அரசு சொன்ன காரணம்.

அந்த 14-ல் தமிழ்நாட்டு வங்கிகள் இரண்டு. ஒன்று ஐ.ஓ.பி., இன்னொன்று இந்தியன் வங்கி. அப்போது ஐ.ஓ.பி.க்கு இந்தியாவில் 195 கிளைகள், 67.70 கோடி ரூபாய் டெபாசிட்.

பங்குதாரர்களுக்கு என்ன கிடைத்தது? இங்கேதான் முக்கியமான வழக்கு ஒன்று வருகிறது. ஆர்.சி. கூப்பர் என்ற பங்குதாரர் உச்ச நீதிமன்றம் போனார். சென்ட்ரல் வங்கி உள்ளிட்ட சில வங்கிகளில் அவருக்குப் பங்கு இருந்தது. "எடுத்துக்கொண்டது கம்பெனியின் சொத்து. கம்பெனி குடிமகன் இல்லை. பங்குதாரர் எப்படி அடிப்படை உரிமை கேட்க முடியும்?" என்பது அரசுத் தரப்பின் வாதம்.

1970 பிப்ரவரி 10 அன்று, 11 நீதிபதிகள் அமர்வு 10-க்கு 1 என்ற பெரும்பான்மையில் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. கம்பெனியை பாதிக்கும் நடவடிக்கை பங்குதாரரின் உரிமையையும் பாதித்தால், அவர் நேரடியாக நீதிமன்றம் வரலாம் என்றும் சொன்னது. இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு இது.

ஆனால் அரசு விடவில்லை. நான்கே நாளில் புது அவசரச் சட்டம் வந்தது. இந்த முறை சட்டத்திலேயே இழப்பீட்டுத் தொகை எழுதப்பட்டது. 14 வங்கிகளுக்கும் சேர்த்து 87.4 கோடி ரூபாய். அதில் ஐ.ஓ.பி.க்கு 2.5 கோடி, இந்தியன் வங்கிக்கு 2.3 கோடி. அதுவும் நேரே பங்குதாரர் கைக்கு இல்லை. வங்கித் தொழிலை இழந்து நின்ற பழைய கம்பெனிக்கு.

வழக்கில் பங்குதாரர் ஜெயித்தார். வங்கி திரும்ப வரவில்லை.

1973: உள்ளூர் முடிவு, வெளியூர் இழப்பு

இதோடு கதை முடியவில்லை. பலரும் கவனிக்காத திருப்பம் இனிமேல்தான்.

ஐ.ஓ.பி. அரசு வங்கி ஆனதும் மலேசியாவில் சிக்கல் வந்தது. வெளிநாட்டு அரசுக்குச் சொந்தமான வங்கி அங்கே இயங்கக் கூடாது என்று அந்த நாட்டு வங்கிச் சட்டம் சொன்னது. விளைவு, 1973-ல் ஐ.ஓ.பி. தனது ஐந்து மலேசியக் கிளைகளையும் கைவிட வேண்டியிருந்தது. மற்ற இந்திய வங்கிகளின் கிளைகளோடு சேர்த்து 'யுனைடெட் ஏசியன் பேங்க்' என்ற புது வங்கி உருவானது. அதில் ஐ.ஓ.பி.க்குக் கிடைத்தது 16.67 சதவீதப் பங்கு.

பாங்காக் கிளைக்கும் இதே மாதிரி ஒரு ஏற்பாடு. அதை எடுத்து நடத்துவதற்காகவே 1973-ல் சென்னையில் 'பாரத் ஓவர்சீஸ் பேங்க்' என்ற தனியார் வங்கி தொடங்கப்பட்டது. ஐ.ஓ.பி.க்கு அதில் 30 சதவீதம். பின்னர் 2007-ல் அந்த வங்கியை ஐ.ஓ.பி.யே வாங்கிக்கொண்டது.

டெல்லியில் போட்ட ஒரு கையெழுத்து, நாலு வருஷம் கழித்து கோலாலம்பூரில் கிளையை மூட வைத்தது. தேசிய அரசியலும் வெளிநாட்டு விதியும் ஒன்றின் மேல் ஒன்று இடிக்கும்போது நடுவில் மாட்டுவது வங்கிதான்.

சரி, வர்த்தகப் பேச்சுவார்த்தையில் வங்கி எங்கிருந்து வந்தது?

வர்த்தக ஒப்பந்தம் என்றாலே நினைவுக்கு வருவது துணி, இறால், கார், பால் பொருள். ஆனால் 1994-ல் மராகேஷில் கையெழுத்தான உலக வர்த்தக ஒப்பந்தத்தில் 'சேவைகள்' என்று தனிப் பகுதியே இருக்கிறது. வங்கி, காப்பீடு எல்லாம் அதில் அடக்கம்.

சேவைகள் பற்றிய பேச்சுவார்த்தைகளில் இந்தியா கொடுத்த வாக்குறுதிகளில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும்.

• வெளிநாட்டு வங்கிகளுக்கு ஆண்டுக்கு 12 கிளை உரிமம் வரை தருவது.

• இந்திய வங்கித் துறையின் மொத்தச் சொத்தில் வெளிநாட்டு வங்கிகளின் பங்கு 15 சதவீதத்தைத் தாண்டினால், புதிய உரிமம் மறுக்கும் உரிமையை இந்தியா வைத்துக்கொள்வது.

இன்னொரு விஷயம். டெபாசிட்தாரர்களைக் காப்பாற்ற, நிதித் துறையின் நிலைத்தன்மையைக் காக்க, ஒரு நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பு எடுக்கும் நியாயமான நடவடிக்கைகளை அந்த ஒப்பந்தமே அனுமதிக்கிறது. அதாவது ஒப்பந்தம் போட்டுவிட்டதால் ரிசர்வ் வங்கியின் பிடி விட்டுப்போவதில்லை.

கவனிக்க: டெபாசிட்தாரரைக் காப்பாற்றுவது வேறு. பங்குதாரரைக் காப்பாற்றுவது வேறு. இந்த வித்தியாசத்தின் முழு அர்த்தமும் 2020-ல் கரூரில் தெரிந்தது.

சிங்கப்பூர் ஒப்பந்தமும் லட்சுமி விலாஸ் வங்கியும்

2005 ஜூன் 29. இந்தியாவும் சிங்கப்பூரும் விரிவான பொருளாதார ஒத்துழைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. மன்மோகன் சிங் பிரதமர். நிதியமைச்சர், சிவகங்கைத் தொகுதி எம்.பி.யான ப. சிதம்பரம். அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது.

அதில் வங்கிகளுக்கும் இடம் இருந்தது. டி.பி.எஸ்., யு.ஓ.பி., ஓ.சி.பி.சி. ஆகிய மூன்று சிங்கப்பூர் வங்கிகளுக்கு இந்தியாவில் கிளை திறக்கத் தனி ஒதுக்கீடு. இங்கேயே துணை நிறுவனமாகப் பதிவு செய்தால், கிளை திறப்பதில் இந்திய வங்கிகளுக்கு இணையான நடத்தை. பதிலுக்கு, மூன்று இந்திய வங்கிகளுக்குச் சிங்கப்பூரில் முழுச் சேவை உரிமம் பெறும் வாய்ப்பு. எஸ்.பி.ஐ., ஐ.சி.ஐ.சி.ஐ. இரண்டுக்கும் பின்னாளில் அது கிடைத்தது.

அதன் பிறகு ரிசர்வ் வங்கி, வெளிநாட்டு வங்கிகள் முழு உரிமையுள்ள துணை நிறுவனம் தொடங்குவதற்கான விதிகளை 2013-ல் வெளியிட்டது. டி.பி.எஸ். அந்த வழியில் வந்து 2019 மார்ச்சில் இந்தியத் துணை நிறுவனமாக இயங்கத் தொடங்கியது.

அடுத்த வருஷம் லட்சுமி விலாஸ் வங்கி தள்ளாடியது. 1926-ல் கரூர் வணிகர்கள் தொடங்கிய வங்கி அது. பெரிய கார்ப்பரேட் கடன்கள் வராக்கடன் ஆனதில் மூலதனம் கரைந்தது. இந்தியாபுல்ஸ் ஹவுசிங் நிறுவனத்தோடு இணையக் கேட்ட அனுமதியை 2019-ல் ரிசர்வ் வங்கி மறுத்தது. 2020 நவம்பர் 17 அன்று வங்கிக்குத் தடை உத்தரவு. கணக்கிலிருந்து 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. 10 நாளில், நவம்பர் 27 அன்று, அது டி.பி.எஸ். இந்தியாவோடு இணைக்கப்பட்டது. டி.பி.எஸ். 2,500 கோடி ரூபாய் கொண்டுவந்தது.

டெபாசிட்தாரர்? முழுப் பணமும் பத்திரம்.

பங்குதாரர்? பூஜ்யம். செலுத்தப்பட்ட பங்கு மூலதனம் முழுவதும் தள்ளுபடி செய்யப்பட்டது. ஒரு பங்குக்குப் பதில் கால் பங்குகூட இல்லை. சேமிப்பை அந்தப் பங்கில் போட்டிருந்தவர்கள் நீதிமன்றப் படியேறினார்கள்.

சிங்கப்பூர் ஒப்பந்தம்தான் லட்சுமி விலாஸ் வங்கியைக் கவிழ்த்தது என்று சொல்வது தப்பு. கவிழ்த்தது வராக்கடன். ஆனால் கவிழ்ந்த நேரத்தில் வாங்கிக்கொள்ளத் தயாராக, உள்நாட்டு நிறுவனமாகப் பதிவாகி, கையில் பணத்தோடு ஒரு வெளிநாட்டு வங்கி இருந்தது. அந்தக் கதவு ஒரே நாளில் திறக்கவில்லை. 2005 முதல் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது.

100 பங்கு வைத்திருந்தவருக்கு என்ன கிடைத்தது?

ஒரு வங்கி இன்னொன்றோடு சேரும்போது பங்குதாரர் நிலை எப்படியெல்லாம் மாறலாம் என்பதற்கு மூன்று உதாரணங்கள்.

• பேங்க் ஆஃப் மதுரா: 1943-ல் கருமுத்து தியாகராசர் தொடங்கியது. தாராளமயத்துக்குப் பிறகு போட்டி கூடிய காலத்தில், 2001-ல் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியோடு இணைந்தது. ஒரு பங்குக்கு இரண்டு ஐ.சி.ஐ.சி.ஐ. பங்குகள். 100 பங்கு 200 ஆனது. 2014-ல் முகமதிப்பு 10 ரூபாயிலிருந்து 2 ரூபாயாகப் பிரிக்கப்பட்டதில் 200 பங்கு 1,000 ஆனது. 2017-ல் பத்துக்கு ஒன்று போனஸ். இப்போது கணக்கு 1,100 பங்குகள்.

• அலகாபாத் வங்கி: மத்திய அரசின் வங்கி இணைப்புத் திட்டத்தில், 2020 ஏப்ரல் 1 அன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியோடு இணைந்தது. 1,000 பங்குக்கு 115 இந்தியன் வங்கிப் பங்குகள். அதாவது 100-க்கு 11.5.

• லட்சுமி விலாஸ் வங்கி: 100 பங்குக்குப் பூஜ்யம்.

மூன்றிலும் வங்கிக் கிளை ஊரில் திறந்தே இருந்தது. பாஸ்புக் செல்லுபடியானது. ஏ.டி.எம். கார்டு வேலை செய்தது. வாடிக்கையாளருக்குப் பெயர்ப்பலகை மட்டும்தான் மாறியது. பங்குதாரருக்குத்தான் வாழ்க்கை மாறியது.

அமெரிக்கா வரி போட்டால் வங்கிப் பங்கு ஏன் ஆடுகிறது?

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு முதலில் 25 சதவீதம், பிறகு ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25 சதவீதம் என மொத்தம் 50 சதவீதம் வரி விதித்தது. உடனே பேசப்பட்டது திருப்பூர் பின்னலாடையும் இறால் ஏற்றுமதியும்.

இதில் வங்கிக்கு என்ன? சங்கிலியைப் பார்ப்போம்.

ஏற்றுமதியாளர் நூல் வாங்க, கூலி கொடுக்க, வங்கியில் கடன் எடுத்திருப்பார். ஆர்டர் நின்றால் பணம் வராது. பணம் வராவிட்டால் தவணை தவறும். 90 நாளுக்கு மேல் தவறினால் அது வராக்கடன். வராக்கடனுக்கு வங்கி தன் லாபத்திலிருந்து ஒதுக்கீடு செய்ய வேண்டும். லாபம் குறைந்தால் டிவிடெண்ட் குறையும், பங்கு விலை இறங்கும்.

ஒரு எளிய கணக்கு. ஒரு வங்கி 100 ரூபாய் கடன் கொடுத்திருக்கிறது என்று வையுங்கள். அதில் பங்குதாரர்களின் சொந்தப் பணம் 10 ரூபாய். மீதி 90 ரூபாய் டெபாசிட்தாரர்களுடையது. 3 ரூபாய் கடன் வராமல் போனால் மொத்தக் கடனில் நஷ்டம் 3 சதவீதம்தான். ஆனால் பங்குதாரரின் 10 ரூபாயில் அது 30 சதவீதம். 10 ரூபாயும் கரைந்துவிட்டால்? அதுதான் லட்சுமி விலாஸ்.

வரி வந்த பிறகு ரிசர்வ் வங்கி 2025 நவம்பரில், பாதிக்கப்பட்ட ஏற்றுமதித் துறைகளுக்குக் கடன் தவணையை ஒத்திவைக்க வழி செய்தது. செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை கட்ட வேண்டியிருந்த தவணைகளுக்கு அது பொருந்தியது. ஏற்றுமதியாளருக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது. பங்குதாரர் பக்கம் இருந்து பார்த்தால், கடன் நல்ல கடனா கெட்ட கடனா என்பது தெரியக் கொஞ்ச நாள் கூடுதலாக ஆனது.

மறுபக்கமும் இருக்கிறது. 2025 ஜூலை 24 அன்று பிரிட்டனுடன் கையெழுத்தான ஒப்பந்தம் போல ஏற்றுமதிக்குக் கதவு திறந்தால், அதே சங்கிலி தலைகீழாக ஓடும். ஆர்டர், கூடுதல் கடன் தேவை, ஒழுங்கான தவணை, வங்கிக்கு வருமானம். அதனால் ஒரு வங்கியின் கடன் எந்தத் துறையில், எந்த ஊரில் அதிகம் இருக்கிறது என்று பார்ப்பது, வர்த்தகச் செய்தி படிப்பதை விட முக்கியம்.

முதலாளியே அரசு என்றால்?

பொதுத்துறை வங்கியில் பங்கு வைத்திருப்பவருக்குக் கூட்டாளி ஒருவர் இருக்கிறார். மத்திய அரசு. சட்டப்படி அரசின் பங்கு 51 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. மற்ற பங்குதாரர் எவ்வளவு வைத்திருந்தாலும் வாக்குரிமை 10 சதவீதத்துக்கு மேல் கிடையாது.

ஐ.ஓ.பி.யின் பாதையே இதற்கு நல்ல உதாரணம். 2000-ல் 10 ரூபாய் முகமதிப்பிலேயே பொதுமக்களுக்குப் பங்கு வெளியிட்டது. 2015 அக்டோபரில், வராக்கடன் ஏறியதால், ரிசர்வ் வங்கியின் உடனடித் திருத்த நடவடிக்கைக்குள் போனது. வெளியே வந்தது 2021 செப்டம்பரில். நடுவில் பல வருஷம் நஷ்டம். வங்கியைக் காப்பாற்ற அரசு மூலதனம் போட்டது. சும்மா போடவில்லை, பதிலுக்குப் புதுப் பங்குகள் வாங்கிக்கொண்டு போட்டது.

2015 மார்ச்சில் சுமார் 124 கோடியாக இருந்த பங்குகள், 2021-ல் சுமார் 1,890 கோடி ஆயின. ஏறத்தாழ 15 மடங்கு. அரசின் பங்கு 96 சதவீதத்தைத் தாண்டியது. பழைய பங்குதாரர் ஒரு பங்குகூட விற்கவில்லை. ஆனால் வங்கியில் அவருக்கு இருந்த உரிமை சுமார் பதினைந்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. வங்கி பிழைத்தது உண்மை. 2024-25 நிதியாண்டில் 3,335 கோடி ரூபாய் லாபம் காட்டியது. அந்த லாபம் இப்போது 15 மடங்கு அதிகப் பங்குகளுக்குப் பிரிகிறது.

இனி வரப்போவதும் அரசியல் முடிவுதான். பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் 25 சதவீதம் பொதுமக்களிடம் இருக்க வேண்டும் என்பது செபி விதி. பொதுத்துறை நிறுவனங்களுக்கு 2026 ஆகஸ்ட் வரை அவகாசம் தரப்பட்டது. அரசு தன் பங்கைச் சந்தையில் விற்க விற்க, விற்பனைக்கு வரும் பங்கு கூடும். விலையில் அது தெரியும்.

2021 பிப்ரவரி பட்ஜெட்டில், ஐ.டி.பி.ஐ. தவிர இரண்டு பொதுத்துறை வங்கிகள் தனியார்மயம் ஆகும் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். எந்த வங்கிகள் என்று அரசு பெயர் சொல்லவில்லை. ஆனாலும் ஊகத்திலேயே பங்கு விலைகள் ஏறின, ஊழியர்கள் மார்ச் மாதம் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

அரசியலுக்கும் அரசு வங்கிப் பங்குக்கும் உள்ள நெருக்கத்தை ஒரே நாளில் பார்க்க வேண்டுமென்றால் 2024 ஜூன் 4. மக்களவைத் தேர்தல் முடிவு நாள். ஆளும் கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை என்று தெரிந்ததும் சென்செக்ஸ் 4,389 புள்ளிகள் சரிந்தது. நிஃப்டி சுமார் 6 சதவீதம் விழுந்தது. பொதுத்துறை வங்கிகளின் குறியீடு? சுமார் 15 சதவீதம். அன்று எந்த வங்கியும் புதிதாக ஒரு ரூபாய்கூட நஷ்டம் அடையவில்லை.

வெளிநாட்டுப் பணம் வந்தால் நல்லதா?

தனியார் வங்கியில் வெளிநாட்டு முதலீடு 74 சதவீதம் வரை போகலாம். அரசு வங்கியில் 20 சதவீதம்தான். 2025-ல் ஜப்பானின் சுமிடோமோ மிட்சுயி வங்கி யெஸ் பேங்க்கில் பெரும் பங்கு வாங்கியது. துபாயின் எமிரேட்ஸ் என்.பி.டி., ஆர்.பி.எல். வங்கியில் 60 சதவீதம் வரை வாங்கப்போவதாக அக்டோபரில் அறிவித்தது.

இங்கே காலம்தான் முக்கியம். வங்கி தன் காலில் நிற்கும்போது வெளிநாட்டு முதலீட்டாளர் வந்தால், பங்குக்கு ஒரு விலை பேசப்படும். வங்கி விழுந்த பிறகு வந்தால், விலை பேச ஒன்றும் மிஞ்சாது.

அப்போ பங்குதாரர் என்ன பார்க்கணும்?

• நிகர வராக்கடன் எவ்வளவு, மூலதன விகிதம் எவ்வளவு என்பது ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் வரும். லாபத் தொகைக்கு முன்னால் இதைப் பார்க்க வேண்டும்.

• வங்கியின் கடன் ஒரே துறையில் குவிந்திருக்கிறதா? ஜவுளி, கடல் உணவு, நகை போன்ற ஏற்றுமதித் துறை என்றால் வரிச் செய்தி நேரடியாகத் தாக்கும்.

• புதிய பங்கு வெளியிட ஒப்புதல் கேட்டு அறிவிப்பு வந்தால், யாருக்கு, எத்தனை, என்ன விலையில் என்று படிக்க வேண்டும்.

• டெபாசிட்டும் பங்கும் ஒன்றல்ல. டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. பங்குக்கு எந்தக் காப்பீடும் இல்லை. வங்கி விழுந்தால் எல்லோருக்கும் கொடுத்த பிறகு கடைசியில் நிற்பவர் பங்குதாரர்.

பெட்டகத்தில் பழைய பத்திரம் இருக்கிறதா?

செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். வீட்டில் பாகம் பிரிக்கும்போதோ பெட்டகத்தை ஒழுங்கு செய்யும்போதோ பழைய வங்கிப் பங்குப் பத்திரம் கிடைத்தால் குப்பையில் போட வேண்டாம்.

• 1969-க்கு முந்தைய ஐ.ஓ.பி., இந்தியன் வங்கிப் பத்திரம் என்றால், அது இன்றைய அரசு வங்கியின் பங்கு இல்லை. அரசுடைமைக்கு முன் இருந்த பழைய கம்பெனியின் பங்கு.

• பேங்க் ஆஃப் மதுரா பத்திரம் என்றால், அதற்கு ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கிப் பங்குகள் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். மேலே சொன்ன கணக்குப்படி 100 பங்குக்கு 1,100. ஐ.சி.ஐ.சி.ஐ. பங்கு ஒன்று 2024-லேயே 1,000 ரூபாய்க்கு மேல் கைமாறியது என்பதை நினைவில் வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

• தொடர்ந்து 7 ஆண்டுகள் டிவிடெண்ட் வாங்காமல் விட்டிருந்தால், டிவிடெண்டும் பங்கும் மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போயிருக்கும். போனது போனதுதான் என்று இல்லை. வங்கியின் பங்குப் பதிவாளரிடம் ஆவணங்களைக் கொடுத்து, அந்த நிதியத்தின் இணையதளத்தில் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். 2025 ஆகஸ்ட் 1 முதல் பொதுத்துறை வங்கிகளும் இந்த நிதிக்குள் வந்துவிட்டன.

• 2019 ஏப்ரல் முதல் காகிதப் பத்திரத்தை அப்படியே இன்னொருவர் பெயருக்கு விற்க முடியாது. டீமேட் கணக்கு தேவை. பங்குதாரர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ், வாரிசு ஆவணங்கள் வேண்டும். எல்லா வாரிசுகளும் ஊரில் இருக்கும் திருவிழா, கல்யாண நேரத்தில் கையெழுத்து வாங்கிவிடுவது அலைச்சலைக் குறைக்கும். "நான் மீட்டுத் தருகிறேன், முன்பணம் கொடுங்கள்" என்று போனில் வருபவர்களை நம்ப வேண்டாம்.

1937-ல் காரைக்குடியில் வங்கி திறந்தபோது பங்கு வாங்கியவர்கள் ரங்கூன் நெல் விலையைத் தந்தியில் பார்த்தார்கள். இன்று பங்கு வாங்குபவர் வாஷிங்டன் வரியை மொபைலில் பார்க்கிறார். செய்தி வேகமாக வருகிறது. வங்கி யாருக்குக் கடன் கொடுத்திருக்கிறது என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கான பதில் ஒவ்வொரு வங்கியின் ஆண்டறிக்கையிலும் இருக்கிறது, இலவசமாகவே படிக்கலாம்.